வளர்ந்த பிள்ளைகளின் பெற்றோர்

சிறப்புக் கல்வியாளராக நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஆட்டிசம் என்றாலே குழந்தைகள்தான். மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று அழைத்து வருவார்கள். எங்கள் படிப்பும் பயிற்சியும் அந்த வயதை ஒட்டியே இருந்தன. பொத்தான் போடுவது, பென்சில் பிடிப்பது, தன் முறை வரும்வரை காத்திருப்பது. அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு இன்று மீசை நரைக்கத் தொடங்கிவிட்டது. ஆட்டிசம் வயதானால் போய்விடுகிற ஒன்றல்ல. பள்ளி முடிந்துவிடும், தெரபி முடிந்துவிடும்; அதற்குப் பிறகு நாற்பது, ஐம்பது வருட வாழ்க்கை மிச்சமிருக்கும். அவர்களோடு சேர்ந்து என் வேலையும் பெரியவர்கள் பக்கம் நகர்ந்தது. இப்போது சென்னையில் வயதுவந்தவர்களுக்கான தொழிற்பயிற்சி மையம் ஒன்றில் இருக்கிறேன்.

என்னிடம் வந்த குடும்பங்களில் பல வெளிநாடு போய்விட்டன. லண்டன், நியூ ஜெர்சி, சிங்கப்பூர், மெல்பர்ன். அவர்கள் வழியாக அங்கேயுள்ள வேறு தமிழ்க் குடும்பங்களும் பழக்கமானார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது ஒருவர் வீடியோவில் வருவார். எங்கேயிருந்து பேசினாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். “நாங்க கண்ணை மூடினப்புறம் இவனை யாரு பார்த்துப்பா டீச்சர்?”

கேள்வி ஒன்றுதான். ஆனால் அதற்கு என்ன பதில் கிடைத்தால் மனம் ஆறும் என்பது நாட்டுக்கு நாடு வேறாக இருப்பதைக் கவனித்தேன்.

சென்னையில் பெற்றோர் தேடுவது ஒரு ஆளின் பெயரை. பெரும்பாலும் அந்தப் பெயர் கூடப்பிறந்தவளுடையது. “அவ பார்த்துப்பா டீச்சர், அதுல எங்களுக்குக் கவலையே இல்ல” என்று அம்மா சொல்லும்போது அந்தப் பெண் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். முகத்தில் ஒன்றும் தெரியாது. ஒருநாள் அப்படி ஒரு தங்கையைத் தனியாகப் பேசவைத்தேன். “என்னை யாரும் கேக்கவே இல்ல மேம். கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன்” என்றாள். அவளைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் அண்ணனைப் பற்றி அவளே முதலில் சொல்லிவிடுகிறாள். இரண்டு சம்பந்தம் அதோடு நின்றுபோயிருக்கிறது. அப்பா அம்மாவுக்கு அது தெரியும், ஆனால் வீட்டில் அதைப் பேசுவதில்லை. அதற்குப் பிறகு எந்தக் குடும்பம் வந்தாலும் கூடப்பிறந்தவர்களிடம் தனியாகப் பேசாமல் திட்டம் எதையும் எழுத நான் சம்மதிப்பதில்லை. பார்த்துக்கொள்வது என்றால் கூடவே வைத்துக்கொள்வதா, மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பதா, கணக்கு வழக்கு மட்டும் கவனிப்பதா? இதைப் பிரித்துப் பேசினாலே பாதிச் சுமை இறங்கிவிடும்.

சட்டப்படி என்ன செய்யவேண்டும் என்பது படித்த பெற்றோருக்கே தெரிவதில்லை. பிள்ளைக்கு 18 வயது முடிந்ததும் இயற்கைக் காப்பாளர் என்ற உரிமை பெற்றோரிடம் இருப்பதில்லை. வங்கியில் கையெழுத்துச் சிக்கல் வரும்போதுதான், “பெத்த அம்மா நானே கார்டியன் இல்லையா?” என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசம் உள்ளவர்களுக்குச் சட்டப்படியான காப்பாளரை நியமிக்க வழி இருக்கிறது. மாவட்ட அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும்; அதில் ஆட்சியர் இருப்பார், பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவரும் மாற்றுத்திறனாளி ஒருவரும் இருப்பார்கள். நியமனம் ஆன ஆறு மாதத்துக்குள் காப்பாளர் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும், வருடாவருடம் கணக்கும் காட்ட வேண்டும். அதே அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய்வரை மருத்துவக் காப்பீடு கிடைக்கிறது. அரசு ஊழியர்களின் பிள்ளையாக இருந்து, தானாகச் சம்பாதிக்க முடியாத நிலை என்றால், குடும்ப ஓய்வூதியம் அவருடைய ஆயுள் முழுக்க வரும். ஆனால் அதைப் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே பதிவு செய்துவைக்க வேண்டும். அம்மாவும் அப்பாவும் போன பிறகு சான்றிதழுக்காக அலைகிற அத்தைமாரையும் சித்தப்பாமாரையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பணம் என்று பார்த்தால், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருகிறது. சென்னையில் ஒரு பகல்நேர உதவியாளருக்கு ஒரு வாரச் சம்பளத்துக்கே அது போதாது. மீதி எல்லாம் குடும்பத்தின் கையிலிருந்துதான்.

இதனால்தான் வெளிநாட்டில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று இங்கே ஒரு நினைப்பு. அவர்களோடு பேசப் பேச அது எவ்வளவு அரைகுறை என்று புரிந்தது.

இங்கிலாந்தில் 2009இல் ஆட்டிசத்துக்கென்றே ஒரு சட்டம் வந்தது. அது குறிப்பாகப் பெரியவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கல்விக்கும் உடல்நலத்துக்கும் பராமரிப்புக்கும் சேர்த்துப் போடுகிற திட்டம் 25 வயதுவரை நீளலாம். வயதுவந்தவர்களின் தேவையை உள்ளூர் கவுன்சில் மதிப்பிட வேண்டும். பார்த்துக்கொள்ளும் பெற்றோருக்கும் தனி மதிப்பீடு கேட்க உரிமை உண்டு. லண்டனின் ஹாரோவில் இருக்கும் ஓர் அம்மா சொன்னார்: “இங்க எல்லாம் இருக்கு டீச்சர். ஆளுதான் நிக்க மாட்டேங்கறாங்க. ஏஜென்சிலேர்ந்து ஒரு பையன் வருவான், இவன் பழகறதுக்குள்ள அவன் வேற வேலைக்குப் போயிடுவான். சோஷியல் வொர்க்கரும் மாறிடுவாங்க. ஒவ்வொரு தடவையும் பிறந்ததுலேர்ந்து கதையை ஆரம்பிக்கணும்.” அவருக்குக் கவுன்சிலின் மேல் கோபம் இல்லை. பராமரிப்பு வேலைக்குச் சம்பளம் குறைவு, ஆள் நிலைக்காது என்பதை அவரே விளக்கினார்.

அதே லண்டனில் ஓர் அப்பாவுக்கு வேறு மனக்குறை. மகனுக்குப் பல்லில் வலி. மருத்துவர் அப்பாவிடம் பேசாமல் மகன் பக்கம் திரும்பி, படம் காட்டி, மயக்கமருந்து கொடுக்கலாமா என்று கேட்டாராம். “நாங்க இருக்கும்போது அவன்கிட்ட எதுக்குக் கேக்கணும்?” என்று அப்பா வருத்தப்பட்டார். அங்கே 2005ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. 16 வயதுக்கு மேற்பட்ட எவரும் தாமே முடிவெடுக்க வல்லவர் என்றுதான் தொடங்க வேண்டும். முடியாது என்று சொல்வதற்கு முன் புரியவைக்க எல்லா வழியிலும் முயன்றிருக்க வேண்டும். இந்த விஷயத்தில் நான் அந்தச் சட்டத்தின் பக்கம். எங்கள் மையத்தில் ஓர் இளைஞர் வருடக்கணக்காகக் காகிதப் பை ஒட்டிக்கொண்டிருந்தார். அம்மா தேர்ந்தெடுத்த வேலை அது. சென்னையிலேயே உருவான ‘ஆவாஸ்’ செயலியில் வேலைகளின் படங்களைப் போட்டு அவரிடமே கேட்டோம். அவர் தொட்டது துணி மடிக்கிற படம். நாள் மாற்றிக் கேட்டாலும், படங்களின் இடத்தை மாற்றிக் கேட்டாலும் அதையேதான் தொட்டார். இப்போது துணி மடிக்கும் மேசை அவருடையது. விளிம்போடு விளிம்பு பொருந்தும்வரை விடமாட்டார். பசை கையில் ஒட்டுவது அவருக்கு எவ்வளவு வேதனையாக இருந்திருக்கும் என்று அம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

இங்கிலாந்தில் பெரியவர்களுக்கான ஏற்பாடுகளைத் தொடங்கிவைத்தவர்களே பெற்றோர்கள்தான். 1962இல் லண்டனில் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். ஆட்டிசம் உள்ள மகளின் தாயான மனநல மருத்துவர் லோர்னா விங் அவர்களில் ஒருவர். 1974இல் அந்தச் சங்கம் சாமர்செட்டில் வயதுவந்தவர்கள் சேர்ந்து வாழ ஓர் இல்லத்தைத் திறந்தது. ஊருக்கு வெளியே, மரமும் தோட்டமுமாக. இன்று நம் ஊர்ப் பெற்றோர் பலர் காணும் கனவும் அதுவே: நாலு குடும்பம் சேர்ந்து நிலம் வாங்கி, சுற்றுச்சுவர் எழுப்பி, பிள்ளைகளைப் பத்திரமாக வைத்துவிடுவது. சுற்றுச்சுவர் எனக்குப் பயம். பிரிஸ்டல் அருகே வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனையில் கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் உள்ளவர்களை ஊழியர்கள் அடித்துத் துன்புறுத்தியதை 2011இல் பிபிசி மறைத்துவைத்த கேமராவில் படமெடுத்துக் காட்டியது. 11 பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், ஆறு பேர் சிறைக்குப் போனார்கள். அத்தனை சட்டம் உள்ள நாட்டில். எந்த விடுதியைப் பார்க்கப் போனாலும் சமையலறையையும் தோட்டத்தையும் பார்ப்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள் என்று பெற்றோரிடம் சொல்வேன்: சொல்லாமல் கொள்ளாமல் எந்த நேரமும் நான் உள்ளே வரலாமா? தயங்குகிற இடம் வேண்டாம்.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்தப் பயம் இரட்டிப்பு. சிலர் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, கர்ப்பப்பையை எடுத்துவிடலாமா என்று என்னிடம் கேட்பார்கள். கூடாது என்று நேராகச் சொல்லிவிடுவேன். அந்த அறுவைச் சிகிச்சை யாரும் அவளைத் தொடாமல் தடுக்காது. தொட்டது வெளியே தெரியாமல் மட்டுமே செய்யும். மாதவிலக்கை அவளே கவனித்துக்கொள்ளப் படஅட்டை வைத்துச் சொல்லித்தரலாம். மாதங்கள் ஆகும், ஆனால் வரும். தொடக்கூடாத இடத்தில் தொட்டால் சொல்வதற்கு அவளுக்கு ஒரு வழி, அது சைகையோ படமோ, கட்டாயம் இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் இருக்கிற பெற்றோருக்குப் பயம் ஒரு தேதியைப் பற்றியது. பல மாநிலங்களில் பையனின் 22ஆவது பிறந்தநாள். அதுவரை பள்ளிப் படிப்பும் பயிற்சியும் சட்டப்படி அவனுடைய உரிமை. மறுநாள் உரிமை முடிந்து காத்திருப்பு ஆரம்பமாகிறது. வீட்டிலேயே உதவியாளர் வைத்துக்கொள்ள மெடிகெய்ட் என்ற அரசு மருத்துவ உதவித் திட்டத்தின் வழியாகக் கிடைக்கும் ஏற்பாடு மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்சாஸில் அந்தப் பட்டியலில் பத்து வருடத்துக்கு மேலும் காத்திருப்பவர்கள் உண்டு. கலிஃபோர்னியாவிலோ 1969ஆம் ஆண்டின் லான்டர்மன் சட்டத்தால் அது உரிமையாகவே இருக்கிறது. ஒரு மாநிலத்தில் பிடித்த இடம் இன்னொன்றில் செல்லாது. நல்ல வேலை வந்தும் மாநிலம் மாற முடியாமல் உட்கார்ந்திருக்கும் தமிழ்க் குடும்பங்களை எனக்குத் தெரியும்.

இங்கே உள்ள தாத்தா பாட்டிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளிக்கான அமெரிக்க உதவித்தொகை வாங்குகிறவர் பெயரில் 2,000 டாலருக்கு மேல் சேமிப்பு இருக்கக்கூடாது என்பது அங்குள்ள விதி. வீடு, கார் போன்ற சிலவற்றுக்குத்தான் விலக்கு. மதுரையில் ஒரு தாத்தா பாசத்தோடு பேரன் பெயருக்கு நிலத்தை உயிலில் எழுதிவைத்தார். நியூ ஜெர்சியில் மகள் பதறிப்போனார். சொத்து நேராக அவன் பெயருக்கு வந்தால் உதவித்தொகையும் அதை ஒட்டிய மருத்துவ வசதியும் நின்றுபோகலாம். அதற்கென்றே அங்கே தனி அறக்கட்டளை எழுதுகிறார்கள். 2014இல் வந்த ஏபிள் சட்டத்தின்கீழ் தனிச் சேமிப்புக் கணக்கும் தொடங்கலாம். உயில் எழுதுமுன் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மெல்பர்ன் அம்மா ஒருவர் சொன்னது இன்னும் என்னை உறுத்துகிறது. ஆஸ்திரேலியாவில் 2013இல் சட்டமான தேசிய மாற்றுத்திறனாளிகள் காப்பீட்டுத் திட்டம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் திட்டம் போட்டுப் பணம் ஒதுக்குகிறது. அதில் பயன்பெறுவோரில் ஆட்டிசம் உள்ளவர்களே மிகப்பெரிய பிரிவு. “ரிவ்யூ வரும்போதெல்லாம் இவனால என்னென்ன முடியாதுன்னு பக்கம் பக்கமா எழுதறேன். தானே பஸ்ஸுல போறான்னு எழுதினா பணம் குறைஞ்சிடுமோன்னு பயம். அதை எழுதிட்டு ராத்திரி அழுதேன்” என்றார். நம் ஊரில் 40 சதவீதச் சான்றிதழுக்காக மருத்துவக் குழுவின் முன் பிள்ளையை நிறுத்தும் அம்மாவும் இதே வேதனையைத்தான் படுகிறார். ஒரு மனிதன் முன்னேறியதை மறைத்தால்தான் உதவி நிலைக்கும் என்று பெற்றோரை நினைக்கவைக்கிற ஏற்பாடு, எந்த நாட்டில் இருந்தாலும், திருத்தப்பட வேண்டியது.

கனடாவில் 2008 முதல் பெற்றோர் போடும் சேமிப்போடு அரசும் தன் பங்கைச் சேர்க்கிறது. ஆனால் ஒன்டாரியோவில் தங்குமிடத்துக்கான காத்திருப்பு வருடக்கணக்கில் நீள்கிறது. 2016இல் அந்த மாகாணக் குறைதீர்ப்பாளரே, போக்கிடம் இல்லாமல் மருத்துவமனையிலும் சிறையிலும் போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றி அறிக்கை கொடுத்தார். ஸ்கார்பரோவில் உள்ள யாழ்ப்பாணத்து அப்பா ஒருவருக்கு அந்தக் கவலையோடு இன்னொன்றும் உண்டு. “அவனுக்கு விளங்கிறது தமிழ் மட்டும்தான் டீச்சர். வாற பிள்ளையளுக்குத் தமிழ் தெரியாது. பசிச்சா அவன் சோறெண்டுதான் சொல்லுவான்.” போரில் ஊரை விட்டு வந்தவர் அவர். ஸ்கார்பரோவில் தெற்காசியக் குடும்பங்களுக்கென்றே ஓர் ஆட்டிச மையம் இயங்குவது அவருக்குப் பெரிய ஆறுதல்.

சிங்கப்பூர் ஏற்பாடு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே அரசு ஆதரவோடு 2008இல் தொடங்கிய, லாபநோக்கற்ற அறக்கட்டளை நிறுவனம் ஒன்று இருக்கிறது. 5,000 வெள்ளி இருந்தால் பெற்றோர் பிள்ளைக்காக ஒரு கணக்கைத் தொடங்கலாம். அசலுக்கு அரசு உத்தரவாதம். பெற்றோர் காலத்துக்குப் பின் மாதாமாதம் செலவுக்குப் பணம் போகும். பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, கணக்குத் தொடங்கும்போதே பிள்ளை எப்படி வாழ வேண்டும் என்று பெற்றோரை எழுதச் சொல்கிறார்கள் என்பதுதான். என்ன சாப்பிடுவார், யாரோடு இருப்பார், எதற்குச் செலவு செய்யலாம் என்று ஒரு பராமரிப்புத் திட்டம். எழுதும்போதே பாதிப் பெற்றோருக்குத் தங்கள் பிள்ளையைப் பற்றித் தங்களைத் தவிர வேறு யாருக்குமே தெரியாது என்பது உறைக்கிறது.

ஆட்டிசம் என்று முதலில் விவரிக்கப்பட்ட பிள்ளைக்கும் இப்படி ஓர் எழுத்து உண்டு. அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த டொனால்ட் டிரிப்லெட். நாலு வயதுக்குள் அவரை விடுதியில் விடச் சொன்னார்கள். ஏறத்தாழ ஒரு வருடத்தில் பெற்றோர் திரும்ப அழைத்து வந்துவிட்டார்கள். 1938இல் பால்டிமோரில் மருத்துவர் லியோ கானரிடம் காட்டுமுன், மகனைப் பற்றி அப்பா 33 பக்கக் கடிதம் எழுதியனுப்பினார். 1943இல் கானர் எழுதிய கட்டுரையில் முதல் பிள்ளை இவர்தான். பிறகு சில வருடம் ஊருக்கு வெளியே ஒரு விவசாயத் தம்பதியிடம் வளர்ந்தார். எதையும் எண்ணிக்கொண்டே இருக்கிற பிள்ளையிடம் அவர்கள் ஏரைக் கொடுத்து, சோளக்கொல்லையில் உழவு சாலை எண்ணவிட்டார்கள். பெரியவரானதும் தாய்வழிக் குடும்பத்தின் வங்கியில் வேலை. கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், உலகம் சுற்றினார். 1985இல் தாய் இறந்தபின்னும் அதே வீட்டில் வாழ்ந்து 2023இல் 89ஆவது வயதில் காலமானார். வசதியான குடும்பம், பணத்துக்கு அறக்கட்டளை இருந்தது, உண்மைதான். ஆனால் அவரைத் தேடிவந்த பத்திரிகையாளர்களை, அவர் மனம் நோக நடந்தால் சும்மா இருக்கமாட்டோம் என்று ஊர்க்காரர்கள் எச்சரித்தார்களாம். அதைப் பணம் வாங்கித் தராது.

கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இதேபோல் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். காலையில் டீக்கடைக்கு வருவார், கடைக்காரர் கேட்காமலே சர்க்கரை இல்லாமல் ஆற்றிக் கொடுப்பார். பேருந்து நடத்துனருக்கு அவர் எங்கே இறங்குவார் என்று தெரியும். ஊருக்கு அவரைத் தெரிந்திருந்தது. ஆனால் அந்தத் தெரிதல் வாசலோடு நின்றுவிட்டது. அவரைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, ராத்திரி விழித்தால் பக்கத்தில் உட்கார அம்மா ஒருத்திதான். அம்மா போன பிறகு ஊரின் அன்பு பகலுக்கு மட்டுமே போதுமானதாக இருந்தது.

இத்தனை வருடத்தில் நான் உறுதியாக நம்புவது இதுதான். பெற்றோர் எல்லா நாட்டிலும் இடத்தைத் தேடுகிறார்கள், பணத்தைச் சேர்க்கிறார்கள். பிள்ளைக்கு வேண்டியது அவரைத் தெரிந்த ஆட்கள், ஒருவருக்கு மேல். தெரிந்துகொள்ள வருடங்கள் வேண்டும். அந்த வருடங்கள் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதுதான் கிடைக்கும்.

அதனால் எங்கள் மையத்தில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு நோட்டுப் புத்தகம் எழுதுகிறது. வருடம் ஒருமுறை திருத்துகிறோம். இடது கன்னத்தில் அறைந்துகொண்டால் கோபமில்லை, காதுவலி. குக்கர் விசில் வருமுன் சொல்லிவிட வேண்டும். தயிர்சாதத்தில் கறிவேப்பிலை இருந்தால் தொடமாட்டாள். பின்னால் வந்து தோளைத் தொடக்கூடாது. வலிப்பு மாத்திரையின் பெயர், அளவு, நேரம். பிடித்த பாட்டு. இவற்றை அம்மாக்கள் சொல்லச் சொல்ல ஆரம்பத்தில் நாங்களே எழுதிக்கொள்வோம், ஏனென்றால் அவர்களுக்கு இதெல்லாம் எழுதவேண்டிய விஷயமாகவே தோன்றாது.

அடுத்தது, வெளியே தங்கிப் பழகுவது. முதலில் சித்தி வீட்டில் ஒரு பகல். பிறகு ஓர் இரவு. பிறகு மையத்தின் நண்பர்கள் மூன்று பேரும் ஓர் உதவியாளரும் சேர்ந்து ஒரு வாடகை வீட்டில் வார இறுதி. முதல் இரவு பையன்கள் தூங்கிவிடுகிறார்கள். அம்மாக்கள்தான் போனைக் கையில் வைத்துக்கொண்டு விழித்திருக்கிறார்கள். பதினான்கு, பதினைந்து வயதில் இதை ஆரம்பித்தால் எளிது. அம்மா ஐசியூவில் இருக்கும்போது முப்பத்தைந்து வயதுக்காரரை முதன்முறையாக வேறு வீட்டில் படுக்கவைப்பது அவருக்குச் செய்கிற கொடுமை.

அரசிடம் கேட்கவேண்டியதும் இருக்கிறது. ஊருக்கு வெளியே பெரிய கட்டடம் வேண்டாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் சாதாரணத் தெருக்களில், நாலைந்து பேர் தங்கும் வீடுகள் வேண்டும். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு வேலையில் நிலைத்திருக்கும்படியான சம்பளம் வேண்டும். ஹாரோவின் அனுபவம் நமக்குப் பாடமாக இருக்கட்டும். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் எவ்வளவு ஒதுக்கினாலும் பயனில்லை.

உங்கள் வீட்டில் வளர்ந்த பிள்ளை இருந்தால் இந்த வாரமே ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் பெயர், மருந்து, பயப்படும் சத்தங்கள். அதைப் படித்துத் தெரிந்துகொள்ள வீட்டுக்கு வெளியே இரண்டு பேரையாவது இப்போதே பிடித்துவையுங்கள். காப்பாளர் விண்ணப்பத்தை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கொடுங்கள். அதற்கு முன் உங்கள் மகளிடமோ இன்னொரு மகனிடமோ உட்கார்ந்து, உனக்குச் சம்மதமா என்று கேளுங்கள்.